இனாசியுவின் முகம்

போன்ல லிஸ்பன்னு சொன்னீங்களே, காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேட்டேன்னு நினைச்சுக்கிடாதீங்க சார். பஸ்ல பக்கத்துல உக்காந்தா விழத்தானே செய்யும். மகள் வீட்டுக்கா? நல்லது. பெட்டியை இந்தப் பக்கம் தள்ளிக்கிடுங்க, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு.

நானும் போயிருக்கேன், அதே லிஸ்பனுக்கு. என்னைப் பாத்தா தோணாது. தூத்துக்குடி துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவன். கஸ்பார் மச்சாடோன்னு பேரு. உலகத்துக் கப்பலையெல்லாம் உசரத்துல உக்காந்து பாத்தாச்சு, ஒண்ணுலயும் ஏறிப் போனது கிடையாது. போன வருசம் ஐப்பசியில முதல் தடவையா பிளேன் ஏறினேன். தம்பியைக் கூட்டிட்டு வாரதுக்கு.

கூட்டிட்டு வாரதுன்னா, அவன் உடம்பை.

இஞ்ஞாசின்னு பேரு. எனக்கு நேர் இளையவன். கப்பல்ல சமையக்காரனா போனவன், ஒரு தடவை லிஸ்பன்ல இறங்கினான், பிறகு திரும்பி ஏறல. பத்தொன்பது வருசம். ஒரு போன் கிடையாது, ஒரு சேதி கிடையாது. அங்க ஒரு சின்ன ஹோட்டல்ல மீன் பொரிச்சிட்டு இருந்திருக்கான். காய்கறிப் பையோட வீட்டுப் படி ஏறும்போது நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தவன், அப்படியே போயிட்டான். அவன்கூட ஒரு பொம்பளை இருந்திருக்கா, டெல்ஃபீனான்னு பேரு. அவதான் பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டு போய்க் குடுத்திருக்கா. அதுல கிடந்த விலாசத்தை வச்சு நம்ம தூதரகத்துலருந்து என்னைக் கண்டுபிடிச்சாங்க. ரத்த சொந்தம் யாராவது வந்து கையெழுத்துப் போடணும்னாங்க.

ஏன் ஊருக்கே வரலன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்காங்க. பெருசா ஒண்ணும் இல்ல சார். எங்கம்மா படுக்கையில விழுந்தப்ப அவன் நடுக்கடல்ல இருந்தான். கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்னு என் வீட்டுக்காரி சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். கடல்ல கிடக்கிறவன் நினைச்ச நேரத்துல வர முடியுமா? வீணா மனசு சங்கடப்பட்டுக்கிட்டுக் கிடப்பான். அவன் நல்லதுக்குத்தான் சொல்லல. அடக்கமெல்லாம் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு வந்தான், அம்மாவுக்குன்னு ஒரு கம்பளிப் போர்வையைத் தூக்கிட்டு. வாசல்ல நின்னே கத்துதான். கடைசியா அம்மா என்னைக் கேட்டாளா, கேட்டாளான்னு. கேட்டா. அதுக்கு என்ன செய்ய முடியும்? தெருவே கூடிட்டு. மூத்தவன்னு ஒரு மரியாதை வேண்டாமா? கன்னத்துல ஒண்ணு வச்சேன். "இனி உனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாதுல, போ"ன்னேன். கோபத்துல எல்லா வீட்லயும் சொல்றதுதானே. அவன் போயிட்டான். போர்வையை வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டான்.

சரி, அது கிடக்கட்டும். லிஸ்பனைச் சொல்லுதேன்.

ஏர்போர்ட்லயே ஆரம்பிச்சுட்டு சார். பாஸ்போர்ட் பாக்கிற ஆபீசர் என் பேரைப் பாக்கான், மூஞ்சியைப் பாக்கான், திரும்பப் பேரைப் பாக்கான். "கஷ்பார் மஷாது?"ங்கான். எங்க பேரை அங்க அப்படித்தான் சொல்லுவாங்களாம். நம்ம பரதவருக்கு அவங்க வச்சுட்டுப் போன பேருதானே. இத்தனை வருசமா நாம தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்த மாதிரியும், இவன் திருத்திக் குடுக்குற மாதிரியும் இருந்துச்சு. தலையை ஆட்டினேன்.

வெளிய வந்தா கூப்பிட ஆள் இல்ல. டெல்ஃபீனா வந்து நிப்பாள்னு சொல்லியிருந்தாங்க. பேரெழுதின அட்டையோட எத்தனையோ பேர் நிக்காங்க, என் பேரு ஒருத்தன் கையிலயும் இல்ல. ரொம்ப நேரம் நின்னேன். சாவுக்கு வந்த மனுசனை இப்படியா நிக்க வைக்கிறதுன்னு எனக்கு ஆத்திரம். பிறகுதான் தெரிஞ்சுது, அவ வந்திருக்கா. நான் கதவைத் திறந்து வெளிய வந்ததைப் பாத்திருக்கா. பாத்ததும் ஒரு தூணுக்குப் பின்னால போய் நின்னுட்டா. கொஞ்ச நேரம் நின்னுட்டு, வீட்டுக்கே திரும்பிப் போயிட்டா.

எனக்கு அப்ப அது தெரியாது. விலாசத்தைக் காட்டி விசாரிச்சு, பூமிக்கு அடியில ஓடுற ரயில்ல ஏறி, ஒரு இடத்துல இறங்கி மேல வந்தேன். மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. ஊர் முழுக்க மேடும் பள்ளமும். தெருவுல வெள்ளையும் கருப்புமா சின்னச் சின்னக் கல்லு பதிச்சிருக்காங்க, நனைஞ்சா வழுக்குது. நீங்க போனா செருப்புப் போடாதீங்க, நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கிடுங்க. ஒரு கடை வாசல்ல கருவாட்டைப் பலகை மாதிரி அடுக்கி வச்சிருந்தான். எங்கயோ சாளை பொரிக்கிற மணம் வருது. மாடிக்கு மாடி துணி காயப் போட்டிருக்காங்க, மழையில அப்படியே கிடக்கு. ஒரு பல் டாக்டர் வீட்டுக் கதவுல மச்சாடோன்னு பித்தளையில எழுதியிருக்கு. பாக்காத ஊரு சார், ஆனா என்னமோ என்னை வரச்சொல்லி வச்சிருந்த மாதிரி இருந்துச்சு.

அவன் இருந்த தெரு ஒரு மேட்டுல. முக்குல பழக்கடை. கடைக்காரன் ஆரஞ்சை நிறுத்துக்கிட்டு இருந்தான், நிமிந்து என்னைப் பாத்தான். கை அப்படியே நின்னுட்டு. பிறகு மெதுவா சிலுவை போட்டுக்கிட்டான். நான் கருப்பா இருக்கேன்னு கேலி செய்யுதான் போலன்னு நினைச்சேன். கொஞ்சம் மேல போனா, மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தவ என்னைப் பாத்ததும் உள்ள போய் ஜன்னலைச் சாத்தினா. சாத்தின கண்ணாடிக்குப் பின்னால நின்னு பாக்கா. எனக்குப் பின்னால ரெண்டு பேர் குசுகுசுன்னு பேசுற சத்தம். "இனாசியு"ன்னு ஒருத்தன் சொன்னான். அப்ப எனக்கு அது பேருன்னே தெரியல.

ஒரு நாய் மட்டும் தூரத்துல கிடந்து என்னைப் பாத்துட்டு வாலை ஆட்டிக்கிட்டே ஓடி வந்துச்சு. காலை மோந்து பாத்துச்சு. நல்லா மோந்து பாத்துட்டு ரெண்டடி பின்னால போய் உறுமுது. அந்தத் தெருவுலயே ஏமாறாதது அந்த நாய் ஒண்ணுதான்.

இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும், இனாசியுன்னு அவங்க சொன்னது இஞ்ஞாசியைத்தான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. சின்ன வயசுலயே அப்படித்தான், வயசாக வயசாக இன்னும் கூடியிருக்கு. அதே வழுக்கை, அதே மீசை, எங்கப்பா மாதிரி இடது தோளைச் சாய்ச்சு நடக்கிற அதே நடை. செத்து ரெண்டு வாரம் ஆனவன் மழையில நனைஞ்சுக்கிட்டு, கையில பையோட மேடு ஏறி வந்தா பாக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்?

டெல்ஃபீனா கதவைத் திறந்தா. ஐம்பது வயசு இருக்கும், ஒடிசலான உடம்பு. ஹோட்டல்ல ரூம் கூட்டிப் பெருக்குற வேலை, அதனால கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். துறைமுகத்துல நான் பேசுற இங்கிலீஷும் அவ இங்கிலீஷும் ஒரே தரம்தான். கத்தல, கூப்பாடு போடல. கையை நீட்டி என் சட்டைக் கையை மட்டும் தொட்டுப் பாத்தா.

"யாரு நீ?"ன்னா.

"கஸ்பார். இஞ்ஞாசியோட அண்ணன்"னேன்.

"இல்ல. கஸ்பார் செத்துப் போயாச்சு"ன்னா.

அவ இங்கிலீஷ் தடுமாறுதுன்னு நினைச்சேன். "செத்தது இஞ்ஞாசி. கஸ்பார் நான்"னு பொறுமையா விளக்கினேன். அவ படியிலயே உக்காந்துட்டா.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. குளிர் அறை. ஒரு ஆள் இழுப்பறையை இழுக்கிற மாதிரி இழுத்தான். துணியை விலக்கிட்டு அவனைப் பாத்தான், என்னைப் பாத்தான், வேற பக்கம் திரும்பிக்கிட்டான். காலையில சவரம் பண்ணும்போது கண்ணாடியில பாத்த மூஞ்சி அங்க கண்ணை மூடிக் கிடந்துச்சு. இடது காதுக்குக் கீழ ஒரு மச்சம், அது மட்டும் எனக்குக் கிடையாது. அந்த மச்சத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். வேற எங்கயும் பாக்க முடியல.

வெளிய வந்ததும் டெல்ஃபீனாகிட்ட சொன்னேன், "அவனை ஊருக்குக் கொண்டு போறேன். அப்பா அம்மா பக்கத்துல வைக்கணும்."

"அவன் வீடு இங்க இருக்கு"ன்னா.

"நீ அவனுக்கு யாரு? கோவில்ல வச்சு மாலை மாத்தினீங்களா?"

அவ விறுவிறுன்னு முன்னால நடந்தா. வீடு வாரவரைக்கும் திரும்பிப் பாக்கல. நான் கேட்டது தப்பா சார்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

வீட்டுக்குள்ள நுழைஞ்சு நான் ரெண்டடி வச்சேன், உள் அறையிலருந்து ஒரு வயசான குரல். "இனாசியு?" என் நடை சத்தத்தைக் கேட்டு. டெல்ஃபீனா வாயைப் பொத்திக்கிட்டா.

அவ அம்மா, அமேலியா. படுத்த படுக்கை. பார்வை நிழல் மாதிரிதான் தெரியும். இஞ்ஞாசிதான் மத்தியானம் ஹோட்டல்லருந்து வந்து சூப் ஊட்டிட்டுப் போவானாம், தினமும். கிழவிக்கு நெஞ்சு பலவீனம். அதனால அவன் போனதை இவ சொல்லவே இல்ல. வேலையா வெளியூர் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கா. கிழவி நாளைக்கு நூறு தடவை கேக்காளாம்.

"ஒரு தடவை உள்ள போ. பேச வேண்டாம். உக்காந்தா போதும்"னா.

"பொய் சொல்ல எனக்கு வராது. அவனைப் பெத்த மகனாப் பாத்தவகிட்ட இப்படி மறைக்கிறது பாவம்"னேன்.

அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. எங்கம்மா சாவை நான் மறைச்ச கதையை அவன் சொல்லியிருப்பான் போல. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கல. அதனாலதான் உள்ள போனேன்.

சின்ன அறை. ஜன்னலோரம் கட்டில். நான் உக்காந்ததும் என் கையை எடுத்து ஒவ்வொரு விரலா தடவினா. ஏதோ சொன்னா, நீளமா. திட்டுற மாதிரி ஆரம்பிச்சு கொஞ்சுற மாதிரி முடிஞ்சுது. டெல்ஃபீனா சூப் கிண்ணத்தை என் கையில குடுத்துட்டு வெளிய போயிட்டா. எங்கம்மாவுக்குக்கூட நான் ஊட்டினது கிடையாது சார், அதெல்லாம் என் வீட்டுக்காரி பாத்துக்கிட்டா. கரண்டியைப் பிடிக்கவே தெரியல. சூப் நைட்டியில சிந்துது. பதட்டத்துல "ஆ காட்டுங்கம்மா"ன்னு தமிழ்ல சொல்லிட்டேன். கெட்டுது காரியம்னு நினைச்சேன். கிழவி சிரிக்கா. வாயைத் திறக்கா. நாலு கரண்டி குடிச்சதும் என் கையைத் தள்ளிட்டு, "போதும்"னா.

போதும். தமிழ்ல. அவன் அவகிட்ட தமிழ்லதான் பேசியிருக்கான். வீட்லயும் தெருவுலயும் பேச ஆள் இல்ல, புரியாத கிழவிகிட்டப் பேசியிருக்கான். அவளும் ஒண்ணு ரெண்டு படிச்சுக்கிட்டா. "தண்ணி"ங்கா. "சரி சரி"ங்கா. ஒரு நாள் நான் எந்திரிக்கும்போது "பைய போ"ன்னா. மெதுவாப் போன்னு எங்கம்மா சொல்ற மாதிரியே. கதவைச் சாத்திட்டு நடையில நின்னேன்.

அதுக்குப் பிறகு தினமும் மத்தியானம் போய் உக்காந்தேன். என்ன பேசினேன்னு கேக்கீங்களா? எல்லாம் பேசினேன். வீட்டை இடிச்சுக் கட்டினது, என் மூத்தவளுக்குக் குழந்தை இல்லாதது, ரிட்டயர் ஆன அன்னைக்கு யாரும் மாலை போடாதது. அவ கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருப்பா. யார் குரல்ல பேசுதேன்னு எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். சாயங்காலம் தெருவுல இறங்கினா பழக்கடைக்காரன் இப்ப சிலுவை போடுறது இல்ல. ரெண்டு ஆரஞ்சை எடுத்து என் பையில போடுதான். அது இஞ்ஞாசிக்குக் குடுக்கிற ஆரஞ்சு, எனக்குத் தெரியும். வாங்கிக்கிட்டேன். அவன் சட்டைதான் போட்டிருந்தேன், அந்தக் குளிருக்கு நான் கொண்டு போனது தாங்கல. அளவு எடுத்து தச்ச மாதிரி இருந்துச்சு. அந்த நாய் மட்டும் கடைசி நாள் வரைக்கும் கிட்ட வரல.

ஒரு நாள் டெல்ஃபீனாகிட்ட நானே போய், "இங்கயே அடக்கம் பண்ணிருவோம்"னேன். ஏன் மனசு மாறுச்சுன்னு அவ கேக்கல. பிளேன்ல கொண்டு போக ஆயிரத்தெட்டு சட்டம் சொல்றாங்க, அலைய முடியலன்னு நானாச் சொன்னேன். அவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

அடக்கத்துக்கு அந்தத் தெருவே வந்துச்சு. பெட்டியை நானும் ஒரு பக்கம் தூக்கினேன். நாலஞ்சு பேர் என்கிட்ட வந்து ஆறுதல் சொல்ல வாயைத் திறக்காங்க, என் மூஞ்சியைப் பாக்காங்க, சொல்ல வந்ததை விட்டுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாங்க. அமேலியாவுக்குச் சொல்லல. அன்னைக்கு மத்தியானமும் நான்தான் சூப் குடுத்தேன், மண்ணு பட்ட கையைக் கழுவிட்டு.

எட்டயபுரம் தாண்டியாச்சா? சரி. இன்னும் ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு.

ரெண்டு நாள் கழிச்சு கல்லறைத் திருநாள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நவம்பர் ரெண்டாம் தேதி, செத்துப் போனவங்களுக்கெல்லாம் பூசை. நம்ம ஊர்ல கல்லறைக்கு வெள்ளையடிச்சு மெழுகுதிரி வைப்போம்ல, அங்கயும் உண்டு. அதுக்கு முதல் நாள் டெல்ஃபீனா என் எதிர்ல வந்து உக்காந்தா. ரொம்ப நேரம் மேசையைத் துடைச்சா.

"வருசா வருசம் அம்மாவை அன்னைக்கு மட்டும் சக்கர நாற்காலியில வச்சு கோவிலுக்குக் கூட்டிட்டுப் போவோம். இறந்தவங்க பேரைச் சாமியார் வாசிப்பாரு. அதுல உன் பேரும் உண்டு"ன்னா.

எனக்குப் புரியல.

"இனாசியு வந்த முதல் வருசத்துலருந்து உன் பேரைக் குடுக்கான். அண்ணன் செத்துட்டான்னு எங்ககிட்ட சொன்னான். எப்படின்னு கேட்டா சொல்ல மாட்டான். இந்த வருசத்துக்கும் செப்டம்பர்லயே குடுத்துட்டான். உன் பேர் வாசிக்கும்போது அம்மா அவன் கையைப் பிடிச்சுக்குவா. இந்த வருசம் அந்த இடத்துல யாரும் இல்லன்னா அவளுக்குத் தெரிஞ்சுரும்."

அன்னைக்கு ஏர்போர்ட்ல அவ ஏன் தூணுக்குப் பின்னால போனாள்னும் அப்பத்தான் சொன்னா. சொந்தக்காரர் ஒருத்தர் வாராருன்னு மட்டும்தான் அவகிட்ட சொல்லியிருந்தாங்களாம். வந்தது இனாசியுவா, கஸ்பாரான்னு அவளுக்குத் தெரியலையாம். யாரா இருந்தாலும் செத்தவன்தானே.

பாத்தீங்களா சார். ஊர்ல எல்லாரும் என்ன சொல்றாங்க? தம்பி அண்ணனை மறந்துட்டான், வெறுத்துட்டான்னு. வெறுத்தவனா பத்தொன்பது வருசம் பூசை வைப்பான்? எந்தத் தம்பி செய்வான், சொல்லுங்க. உசுரோட இருக்கிற அண்ணனுக்கே இவ்வளவு செஞ்சிருக்கான். கோபத்துல ஒரு வார்த்தை சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டான், அது அவன் சுபாவம். மத்தபடி பாசக்காரன். ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரிகிட்ட இதைத்தான் முதல்ல சொன்னேன். அவ எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டா. அவளுக்கு எப்பவும் அவன் மேல ஒரு சாய்வு உண்டு.

கோவிலுக்குப் போனேன். இஞ்ஞாசியோட கருப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு, அமேலியா பக்கத்துல அவன் உக்காருற இடத்துல உக்காந்தேன். கோவில் நிறைய ஆள். தெருக்காரங்க எல்லாருக்கும் விசயம் தெரியும், டெல்ஃபீனா சொல்லி வச்சிருந்தா. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பீடம் பூரா மெழுகுதிரி. சாமியார் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சாரு. ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொரு மூலையிலருந்து ஒரு விசும்பல் கேக்கும். பெரேரா, கோமஸ், வாஸ், எல்லாம் எங்க தெருப் பேரு. கண்ணை மூடினா நம்ம தூத்துக்குடிப் பெரிய கோவில்ல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு.

"கஷ்பார் மஷாது."

இதுவரைக்கும் என் பேரை யாரும் அவ்வளவு சுத்தமாச் சொன்னது கிடையாது.

அமேலியா என் பக்கம் திரும்பினா. தடவித் தடவி என் கன்னத்தைக் கண்டுபிடிச்சா. அன்னைக்கு வாசல்ல வச்சு அவனுக்கு நான் அறைஞ்சேனே. அந்தப் பக்கம்தான். உள்ளங்கையை அதுல வச்சு, குழந்தையைத் தேத்துற மாதிரி ஏதோ முணுமுணுக்கா. அண்ணனைப் பறிகொடுத்தவனுக்கு ஆறுதல் சொல்லுதா. எனக்குப் பொலபொலன்னு கண்ணீர் வந்துட்டு. இஞ்ஞாசியை இழுப்பறையில பாத்தப்ப வரல, மண்ணு போட்டப்ப வரல. அங்க வந்துச்சு.

சாமியார் அடுத்த பேருக்குப் போயிட்டாரு. பிறகு அதுக்கு அடுத்தது. கடைசி வரைக்கும் காத்திருந்தேன். இஞ்ஞாசி பேரை வாசிக்கல. கிழவி காதுல விழுந்துரக் கூடாதேன்னு டெல்ஃபீனா குடுக்கல. மண்ணுக்குள்ள போய் ரெண்டே நாள் ஆனவனுக்கு அன்னைக்கு அந்தக் கோவில்ல ஒரு மெழுகுதிரி இல்ல, ஒரு செபம் இல்ல. அவன் கேட்டு வச்சுட்டுப் போனதெல்லாம் எனக்குத்தான்.

முடிவுல எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஒரே குரலா ஏதோ சொன்னாங்க. செத்தவங்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேக்கிற செபமா இருக்கும். டெல்ஃபீனா என்னைத் திரும்பிப் பாத்தா, நீ சொல்ல வேண்டாம்ங்கிற மாதிரி தலையை ஆட்டினா. கிழவி என் கையை விடல. நானும் எந்திரிச்சேன் சார். எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல, எனக்காக, முழுசும் சொன்னேன்.